இந்த இரும்பு என்ன விலை இருக்கும்?

ஊரிலிருந்து யார் இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்தாலும் நான் அவர்களை ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன். நுழைவுக் கட்டணம் கிடையாது, மழைக்கு ஒதுங்கின மாதிரியும் ஆச்சு. அங்கே நிற்கும் தகட்டுக் கவசங்களைப் பார்த்ததும் குழந்தைகள் கேட்பது ஒரே கேள்வி: இதைப் போட்டுக்கிட்டு எப்படி ஒன்னுக்குப் போவாங்க? பெரியவர்கள் கேட்பதும் ஒரே கேள்வி: இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு எப்படிச் சண்டை போட்டாங்க? இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறேன். முதலாவதுக்கு: தொடைகளுக்கு நடுவிலும் பின்பக்கமும் பெரும்பாலும் தகடு இருக்காது, சங்கிலி வளையத்தால் ஆன பாவாடைதான், ஒதுக்கிவிட்டால் போதும். இரண்டாவதுக்கு அப்புறம் வருகிறேன். பெரியப்பா கேட்டதுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. கும்பகோணத்தில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவர். கண்ணாடிப் பெட்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது என்னடா வெல இருக்கும்?" என்றார்.

விலைமதிப்பில்லாதது பெரியப்பா, இதெல்லாம் விற்கமாட்டார்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் விடவில்லை. "இப்ப இல்லடா. அப்ப, போட்டுக்கிட்டவன் என்ன குடுத்து வாங்கியிருப்பான்? எடைக்கா, உருப்படிக்கா?" பக்கத்தில் நின்றிருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனாலும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அருங்காட்சியகத்தில் விலை கேட்பது கோயிலில் போய்ச் சிலையின் எடை கேட்பது மாதிரி என்று ஒரு நினைப்பு. அவர் ஊருக்குப் போய்விட்டார். கேள்வி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனதில், தகட்டுக் கவசத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் வெறும் விலை மட்டும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மார்புத்தகட்டின் கழுத்தோர விளிம்பைக் காட்டி, "கம்பி வச்சு மடிச்சிருக்கான் பாரு" என்றார். குனிந்து பார்த்தேன். விளிம்பு வெளிப்பக்கமாக உருண்டு தடித்திருந்தது. அண்டாவின் வாயை மடிப்பது போலத்தான். ஆனால் இங்கே அதற்கு வேறொரு வேலையும் உண்டு: மார்பில் சறுக்கி மேலே ஏறும் ஈட்டிமுனை கழுத்துக்குள் போய்விடாமல் அந்த உருண்ட விளிம்பு தடுத்துத் திருப்பிவிடும். தோளிலும் இடுப்பிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பட்டைத் தகடுகளில் ரிவிட் போகும் துளை வட்டமாக இல்லை, நீளவாக்கில் ஒரு வெட்டு. கையைத் தூக்கினால் ரிவிட் அந்த வெட்டுக்குள் ஓடும், தகடுகள் விரியும். இறக்கினால் மறுபடி மூடிக்கொள்ளும். தகட்டின் கனமும் ஒரே சீராக இருக்காது. அடி விழும் மார்பின் நடுவில் தடிப்பு, பக்கவாட்டில் போகப் போக மெலிவு. சுத்தியலாலேயே இரும்பை வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டாத இடத்தில் இழுத்து மெலிதாக்கியிருக்கிறார்கள். "இதுக்கு எடைக்கு வெல போட முடியாது. கூலிதான் வெலயே" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் பெரியப்பா அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார்.

2,000 பென்னி

விலை கிடைத்தது. 1441இல் சர் ஜான் கிரெசி என்ற ஆங்கிலேயர் மிலான் நகரத்துத் தயார்நிலைக் கவசம் ஒன்றை 8 பவுண்ட் 6 ஷில்லிங் 8 பென்னிக்கு வாங்கியிருக்கிறார். அவருக்குக் கீழே இருந்த உதவி வீரர்களுக்கு வாங்கியவை 5 பவுண்டிலிருந்து 6 பவுண்ட் 16 ஷில்லிங் 8 பென்னி வரை. அந்தக் காலத்து ஷில்லிங்குக்கு 12 பென்னி, பவுண்டுக்கு 240 பென்னி. ஆகக் கிரெசியின் கவசம் கச்சிதமாக 2,000 பென்னி. 1415இல் இங்கிலாந்தின் ராஜா ஐந்தாம் ஹென்றி பிரான்சின் மேல் படையெடுத்துக் கிளம்பும்போது போட்ட ஒப்பந்தங்களில் ஒரு வில்லாளியின் நாள்கூலி 6 பென்னி, கவசம் பூண்ட வீரனுக்கு 12 பென்னி. வில்லாளி ஒருவன் சாப்பிடாமல் கொள்ளாமல் 333 நாள் கூலியைச் சேர்த்து வைத்தால் கிரெசியின் கவசத்தை வாங்கலாம்.

அதுவும் தையல்காரரிடம் அளவு கொடுத்துச் செய்ததல்ல, கடைச்சரக்கு. மிலான் பட்டறைகளில் சரக்கு எப்போதும் குவிந்து கிடந்தது. 1427இல் மக்லோதியோ சண்டையில் தோற்ற படைக்காக, 4,000 குதிரைவீரர்களுக்கும் 2,000 காலாட்களுக்கும் வேண்டிய கவசங்களைச் சில நாட்களிலேயே அந்த நகரம் எடுத்துக் கொடுத்துவிட்டது என்று சொல்வார்கள். அளவெடுத்துச் செய்வதென்றால் கதை வேறு. ஆக்ஸ்பர்க்கில் ஹெல்ம்ஷ்மிட் குடும்பம், இன்ஸ்ப்ரூக்கில் ஸாய்ஸன்ஹோஃபர் குடும்பம் என்று பேரரசர்களுக்கும் ராஜாக்களுக்கும் செய்துகொடுத்த பரம்பரைகள் இருந்தன. எட்டாம் ஹென்றி கிரீனிச்சில் தன் அரண்மனையை ஒட்டியே ஒரு பட்டறை வைத்துக்கொண்டார். அவர் இளவயதில் போட்ட கவசத்தையும் 1540இல் செய்துகொண்டதையும் பார்த்தால், இடுப்பு எவ்வளவு பெருத்தது என்று மருத்துவக் குறிப்பு எதுவும் இல்லாமலே தெரிந்துவிடும்.

விலை தெரிந்த பிறகு கவசம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. போர்க்களத்தில் எதிரே வருபவன் மேல் 2,000 பென்னி பளபளக்கிறது என்றால், அவனை வெட்ட ஓங்குகிறவனுக்கு முதலில் என்ன தோன்றும்? இவ்வளவு போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு ஊரில் எவ்வளவு இருக்கும் என்றுதானே. உயிரோடு பிடித்தால் மீட்புத்தொகை வரும், கொன்றால் ஒன்றும் வராது. தகட்டுக் கவசம் உயிரைக் காத்ததில் இரும்புக்குப் பாதிப் பங்கு என்றால், அந்த இரும்பு எதிரியிடம் சொன்ன விலைக்கு மீதிப் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி. மூன்று போர்க்களங்களை வைத்துச் சொல்கிறேன்.

பூசிக்கோ

எடைக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதில் ஒரு மனிதர். பிரான்சின் மார்ஷலாக, அதாவது படைத்தலைவராக இருந்த இரண்டாம் ஜான் லெ மாங்க்ர், எல்லோரும் அழைத்த பெயர் பூசிக்கோ. அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட வரலாற்றில் அவருடைய உடற்பயிற்சிகள் வருகின்றன: முழுக் கவசத்தோடு தரையிலிருந்து குதித்துக் குதிரை மேல் ஏறுவார், தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டுக் குட்டிக்கரணம் போடுவார், சாய்த்து வைத்த ஏணியின் அடிப்பக்கமாகக் கால் படாமல் கைகளாலேயே தொங்கித் தொங்கி உச்சிக்கு ஏறுவார். புகழ்ச்சியைக் கழித்துக்கொள்ளுங்கள். அப்போதும், குதிரையில் ஏற்றக் கப்பி தேவைப்பட்ட ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தக் கப்பிக் காட்சியை நம் தலையில் ஏற்றியது 1944இல் வந்த ஒரு படம். போர்க்களக் கவசம் 20 முதல் 25 கிலோ, அதுவும் உடம்பு முழுக்கப் பிரிந்து கிடக்கும் கனம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கவசம் மாட்டிய நாலு பேரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள், 2011இல் முடிவு வெளிவந்தது: செலவாகும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கு. காலில் மாட்டிய இரும்புதான் முக்கியக் காரணம், ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதே. முடியாத காரியம் இல்லை, ஆனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். இதோடு எடைக் கதையை விட்டுவிடலாம்.

பூசிக்கோ 1396 செப்டம்பர் 25 அன்று நிக்கோபொலிஸில் இருந்தார், இன்றைய பல்கேரியாவில் டான்யூப் கரையில். சிலுவைப்போர் என்று கிளம்பிப்போன பிரெஞ்சுப் பிரபுக்கள் ஒட்டோமான் சுல்தான் பாயஸீதிடம் படுதோல்வி அடைந்தார்கள். மறுநாள் கைதிகள் உடை உரியப்பட்டு, கைகள் கட்டப்பட்டு, சுல்தான் முன்னால் நடத்தப்பட்டார்கள். சுல்தான் எல்லோரையும் வெட்டச் சொல்லிவிட்டார். பெரிய பிரபுக்களை மட்டும் நிறுத்திவைக்கச் சொன்னார், அவர்களுக்குப் பணம் வரும். சிக்கல் என்னவென்றால், உரித்துவிட்ட பிறகு எவன் பிரபு, எவன் குதிரைக்காரன் என்று எப்படித் தெரியும்? ஜாக் டி எலி என்ற பிரெஞ்சுக்காரர் முன்பு சுல்தானின் தந்தையிடம் வேலை பார்த்தவர், அவர்கள் மொழி அறிந்தவர். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து இவர் இன்னார் என்று அடையாளம் காட்டியது அவர்தான் என்று அந்தக் காலத்து வரலாற்றெழுத்தர் ஃப்ருவாசார் எழுதுகிறார். பர்கண்டியின் இளவரசர், நெவேர் பிரபு ஜான், அப்படித் தப்பித்தார். வரிசையில் நின்ற பூசிக்கோவைக் கண்டு, இவரையும் விடுங்கள் என்று ஜான் மன்றாடியதால் பூசிக்கோவும் தப்பித்தார். மற்றவர்களை வெட்டும் வேலை பிற்பகல் வரை நடந்தது. பெரிய தலைகளுக்கு மொத்தமாகப் பேசி முடித்த மீட்புத்தொகை 200,000 டுக்கட் தங்கக்காசு.

கவசம் உடம்பில் இருந்தவரை யாரும் யாரையும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அதுவே பேசிக்கொண்டிருந்தது. கழற்றியதும் ஒரு தரகர் தேவைப்பட்டார்.

ஊதுகொம்பின் கொடி

இரண்டாவது களம் வட பிரான்சின் அஜின்கூர், 1415 அக்டோபர் 25. ஐந்தாம் ஹென்றியின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த இடம். சேறு, வில்லாளிகள், குறுகலான வயல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. என்னை உட்காரவிடாமல் செய்தது ஒரே ஒரு மனிதரின் சாவு.

அந்தோணி, பிரபாண்டின் பிரபு. நிக்கோபொலிஸில் தப்பித்தாரே நெவேர் பிரபு ஜான், அவருடைய சொந்தத் தம்பி. சண்டை நடக்கப்போகும் செய்தி தாமதமாகத்தான் எட்டியது. குதிரையை விரட்டிக்கொண்டு வந்தார், சாமான்கள் பின்தங்கிவிட்டன. வந்து சேரும்போது சண்டை பாதி முடிந்திருந்தது. அந்தக் காலத்து வழக்கப்படிக் கவசத்தின் மேல் தன் குலச்சின்னம் பொறித்த மேலங்கியைப் பிரபுக்கள் அணிவார்கள், யார் வருகிறார் என்று இரண்டு தரப்புக்கும் தெரியவேண்டும் என்று. அந்தோணியிடம் இரண்டுமே இல்லை. தன்னோடு வந்த அரண்மனை அதிகாரியின் கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டார். ஊதுகொம்பில் தொங்கும் கொடி ஒன்றை அவிழ்த்தார், அதில் அவருடைய சின்னம் இருந்தது. நடுவில் கத்தியால் துளை போட்டுத் தலைவழியாக மாட்டிக்கொண்டு களத்துக்குள் பாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டார்.

அன்று பிடிபட்டவன் தன் வலது கைக்கவசத்தைக் கழற்றிப் பிடித்தவனிடம் கொடுப்பான், சரணடைந்ததற்கு அடையாளம். தலைக்கவசத்தையும் கழற்றியாக வேண்டும். அப்படி ஏராளமானவர்கள் ஆங்கிலேயரின் வரிசைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அப்போது பின்புறம் சாமான்வண்டிகள் மேல் தாக்குதல் என்றும், பிரெஞ்சுக்காரரின் மூன்றாவது அணி மறுபடி திரள்கிறது என்றும் பேச்சு வந்தது. கைதிகளைக் கொல்லச் சொல்லி ஹென்றி உத்தரவிட்டார். அவருடைய சொந்த வீரர்களே தயங்கினார்கள். இதை இரக்கம் என்று எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் அன்றைய எழுத்தர்களே மழுப்பாமல் எழுதிவிட்டார்கள்: மீட்புத்தொகை போகிறதே என்ற தயக்கம். ஆளுக்கொரு சொத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள், அதைத் தன் கையாலேயே வெட்டச் சொன்னால்? கடைசியில் ஹென்றி ஒரு சிறு அதிகாரியின் கீழ் 200 வில்லாளிகளை அந்த வேலைக்கு அனுப்பினார். நாளுக்கு 6 பென்னி வாங்குகிறவர்கள்.

முக்கியமான கைதிகள் ஒதுக்கப்பட்டார்கள். இறந்தவர்களின் குவியலுக்கு அடியிலிருந்து இழுத்தெடுத்த ஓர்லியான் பிரபு சார்ல் பிழைத்தார். பூசிக்கோ பிழைத்தார், அவர் வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. அந்தோணி சாகடிக்கப்பட்டார். ஃப்ளாண்டர்ஸையும் பர்கண்டியையும் ஆண்ட குடும்பத்தின் பிள்ளைக்கு எவ்வளவு கேட்டிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் அவர் மேல் இருந்தது வேலைக்காரரின் கவசம், கிழித்த கொடி. பிடித்தவனுக்கு அவர் யாரென்று தெரியவில்லை.

இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் அதே எரிச்சல்தான் வருகிறது. அவர் போட்டிருந்த கவசம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது: அம்பும் ஈட்டியும் அவரைக் கொல்லவில்லை, முழு உடம்போடு பிடிபட்டார். இரவல் கவசம் ஆனதால் அவர் விலையை மட்டும் அது சொல்லவில்லை. அண்ணனுக்கு நிக்கோபொலிஸில் அடையாளம் காட்ட ஒருவர் இருந்தார். தம்பிக்கு அஜின்கூரில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

மூன்றாவது களம் இவற்றுக்கெல்லாம் முந்தியது, விலையே இல்லாதவர்களுடையது. 1361 ஜூலையில் டென்மார்க்கின் நான்காம் வால்டெமர் பால்டிக் கடலின் காட்லாண்ட் தீவில் இறங்கினார். விஸ்பி நகர மதிலுக்கு வெளியே அவரை எதிர்த்து நின்றவர்கள் விவசாயிகள். சிறுவர்களும் வயதானவர்களும் அதில் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் குழிகளில் கிடைத்தன, பலர் கவசத்தோடேயே. துணிக்கு உள்பக்கமாகச் சிறுசிறு இரும்புத் தகடுகளை வைத்து ரிவிட் அடித்த சட்டை, தலையில் சங்கிலித் தொப்பி, எல்லாம் அப்போதே பழசாகிப்போன மாடல். ஜூலை வெயிலில் சடலங்கள் அழுக ஆரம்பித்ததால் உரிக்க யாரும் மெனக்கெடவில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். இருக்கலாம். அங்கே கிடந்தது புத்தம்புது மிலான் சரக்காக இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாவது உரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டுகள் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, தகடு இல்லாத இடத்தில். அவர்களில் ஒருவனைப் பிடித்துவைத்துப் பணம் கேட்க யாரும் இல்லை.

16 ஷில்லிங்

துப்பாக்கி வந்தது, கவசம் போனது என்று ஒற்றை வரியில் முடிப்பது வழக்கம். நான் அதை அவ்வளவு நம்புவதில்லை. துப்பாக்கி வந்தபின் இருநூறு வருஷத்துக்கும் மேல் கவசம் இருந்திருக்கிறது. மார்புத்தகட்டைத் தடியாக்கினார்கள். பட்டறையிலேயே ஒரு குண்டைச் சுட்டு, அந்தப் பள்ளத்தை முத்திரை போலக் காட்டி விற்றார்கள். 1643இல் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில், ரவுண்ட்வே டவுன் என்ற இடத்தில், ராஜாவை எதிர்த்துப் போரிட்ட ஆர்தர் ஹேசல்ரிக் என்பவரைத் துரத்தி, துப்பாக்கியைத் தலைக்கவசத்தில் ஏறத்தாழ ஒட்டவைத்தே சுட்டும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே சாப்பாடும் வைத்திருந்தால் கோட்டை போல வருஷக்கணக்கில் முற்றுகையைத் தாங்கியிருப்பார் என்று ராஜா முதலாம் சார்லஸ் கேலி பண்ணினாராம்.

கவசத்தைக் கொன்றதில் இன்னொரு கூட்டாளி உண்டு என்பேன், மொத்தக் கொள்முதல். 1512இல் எட்டாம் ஹென்றி ஃப்ளோரன்ஸ் வியாபாரி குயிதோ போர்ட்டினாரியிடம் காலாட்படைக்கான சாதாரணக் கவசங்கள் 2,000 செட் வாங்கினார். செட் 16 ஷில்லிங், அதாவது 192 பென்னி. பழைய வில்லாளியின் கூலிக் கணக்கில் 32 நாள். 333 எங்கே, 32 எங்கே! ஆயிரம் பேர் ஒரே மாதிரி இரும்பை மாட்டிக்கொண்டு நின்றால் அதைப் பார்த்து யாருடைய விலையும் தெரியாது. அரசாங்கச் சரக்கு, அவ்வளவுதான். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1640களில் கட்டிய ஆயுதக் கிடங்கு அப்படியே இருக்கிறது. சுமார் 32,000 பொருட்கள். படங்களில் பார்த்தால் மார்புத்தகடுகள் வரிசை வரிசையாக, ஒன்றைப் போலவே இன்னொன்று. 1749இல் அரசி மரியா தெரசா அதைக் கலைத்துவிடப் பார்த்தபோது, எங்கள் முன்னோரின் வீரத்துக்கு நினைவாக இருக்கட்டும் என்று உள்ளூர் சபையினர் கேட்டு நிறுத்திவிட்டார்கள். லீட்ஸில் இருக்கும் கொம்புத் தலைக்கவசத்தின் மற்ற பாகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேரரசர் மாக்ஸிமிலியன் எட்டாம் ஹென்றிக்குப் பரிசளித்த அந்த முழுக் கவசத்தில் ஆட்டுக்கொம்பும் மூக்குக்கண்ணாடியும் வைத்த தலை மட்டும்தான் மிச்சம். மீதி, உள்நாட்டுப் போருக்குப் பிறகு பழைய இரும்பாகப் போனது என்கிறார்கள்.

பூசிக்கோவின் கதையை முடித்துவிடுகிறேன். அஜின்கூரில் பிடிபட்டவரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். பேரம் பேச ஆட்கள் இருந்தார்கள், விடுதலை மட்டும் நடக்கவில்லை. ஐந்தாம் ஹென்றிக்குப் பணத்தைவிட, இந்த மாதிரி ஆட்கள் பிரான்சில் மறுபடி குதிரை ஏறாமல் இருப்பது முக்கியமாக இருந்திருக்க வேண்டும். ஓர்லியான் பிரபு சார்ல் 25 வருஷம் கைதியாக இருந்து 1440இல்தான் வீடு திரும்பினார். பூசிக்கோவுக்கு அந்தப் பொறுமைக்கு ஆயுள் இல்லை. 1421இல் யார்க்‌ஷரில் ராபர்ட் வாட்டர்டன் என்பவரின் காவலில் இறந்தார், மெத்லி என்ற ஊரில். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். வாட்டர்டனின் கல்லறை அந்த ஊர்த் தேவாலயத்திலேயே இருக்கிறது. பூசிக்கோவின் உடலைப் பிரான்சுக்குக் கொண்டுபோய்த் தூர் நகரில் அடக்கம் செய்தார்கள். அதை அனுப்ப ஆங்கிலேயர்கள் பணம் எதுவும் கேட்டதாக நான் படித்த எதிலும் இல்லை.